டோக்கியோவில் ஏறிய கொடி

கல்முனைக் கரையோரப் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் நடைபெறும் நாட்களில் நான் மாணவரிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதல் தங்கப் பதக்கம் பெற்றுத் தந்தவர் யார்? பலர் சுசந்திகாவின் பெயரைச் சொல்வர். சிலர் கிரிக்கெட் வீரர் ஒருவரை நினைப்பர். சரியான விடையைச் சொன்னவர் மிகச் சிலரே.

அவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1934இல் பிறந்தவர், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவர். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்தலில் கலந்துகொண்டபோது அவருக்கு வயது 17. 1956இல் மெல்பேர்ன் ஒலிம்பிக்கிலும் பங்குபற்றினார். அமெரிக்கா சென்று, லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். பின்னர் 1960இல் ரோமில் தங்கம் வென்ற ரேஃபர் ஜோன்சனும் அக்காலத்தில் அங்கேதான் பயின்றார்.

இன்றைய இளைஞர் ஒன்றை அறிய வேண்டும். அக்காலத்தில் பாய்ந்தவர் விழும் இடத்தில் மென்மையான மெத்தை இல்லை, மணலோ மரத்தூளோதான். முதுகு கீழாகப் பாயும் முறை 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கிற்குப் பின்பே உலகெங்கும் பரவிற்று. ஏழு அடியை முதன்முதலில் தாண்டிய சார்ள்ஸ் டூமாஸ்கூட 1956இல்தான் அதனைச் சாதித்தார்.

1958 மே 24 முதல் ஜூன் 1 வரை டோக்கியோவில் மூன்றாவது ஆசிய விளையாட்டு விழா நடைபெற்றது. அங்கே 2.03 மீற்றர் பாய்ந்து எதிர்வீரசிங்கம் தங்கம் வென்றார். ஆசிய விழாவில் இலங்கைக்கு அதுவே முதல் தங்கம்.

அதே வாரத்தில் அவருடைய நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது? மே 22 முதல் தமிழருக்கு எதிரான வன்முறை பரவியது. மே 27இல் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. ஒரு தமிழ் இளைஞர் அந்நிய மண்ணில் இலங்கைக் கொடியை உயரச் செய்துகொண்டிருந்த நாட்களிலேயே, அக்கொடியின் கீழ் வாழ்ந்த அவருடைய இனத்தவர் வீடிழந்து அகதிகளாயினர். இவ்விரு செய்திகளும் ஒரே வாரத்து வரலாறு என்பதை நாம் சேர்த்துப் படிப்பதில்லை.

எங்கள் பகுதிக்கு இது தொலைவிலிருந்து வந்த கதையன்று. இரண்டாண்டுகளுக்கு முன்னரே, 1956 ஜூனில், சிங்களம் மட்டும் சட்டத்தை அடுத்து, கல்லோயாக் குடியேற்றப் பகுதியில் தமிழர் தாக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். அப்போது அம்பாறை தனி மாவட்டமாகக்கூட இருக்கவில்லை; மட்டக்களப்பு மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. கல்லோயாவின் நீரே எங்கள் கரையோர வயல்களுக்கும் பாய்கிறது. அந்த நீரின் தலைமாட்டில்தான் அந்த இரத்தமும் சிந்தியது. அவ்வாண்டின் இறுதியில் எதிர்வீரசிங்கம் மெல்பேர்னில் இலங்கைக்காகப் பாய்ந்தார்.

1962இல் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விழாவில் அவர் வெள்ளிப் பதக்கம் பெற்றார். பின்னர் கோர்னல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, ஆசிரியப் பணியில் வாழ்வைக் கழித்தார். 2024 ஏப்ரலில், 89 வயதில், லொஸ் ஏஞ்சலிஸில் காலமானார்.

விளையாட்டு இனங்களை இணைக்கும் என்று மேடைதோறும் பேசுகிறோம். 1958 அதற்கு எளிய சான்றாகவில்லை. ஒரு பதக்கத்தால் ஒரு வீட்டைக்கூடக் காக்க இயலவில்லை. எனினும் அவர் வென்ற தங்கம் இலங்கையின் கணக்கிலேயே இன்றும் நிற்கிறது. அதனை எவரும் அழிக்கவில்லை. நாம்தான் அதனை வென்றவரின் பெயரை அழியவிட்டோம்.

தமிழரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழும் இக்கரையோரத்துப் பாடசாலைகளில், உயரம் பாயும் பிள்ளைக்குக் கம்பத்தை உயர்த்தும் ஆசிரியர், அந்தப் பெயரையும் ஒருமுறை சொல்லட்டும். அவ்வாரத்தின் மற்றச் செய்தியையும் சேர்த்தே சொல்லட்டும்.