பங்காளியை அடிக்கிற மருந்து

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே சுமார் 40 கிலோமீட்டர். மே மாத வெயிலில், பஸ்ஸில் நின்றபடி அந்தத் தூரத்தைக் கடந்தவருக்கு வியர்வையைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கரும்பு வெட்டுகிறவர், மரக்காணம் உப்பளத்தில் வேலை பார்க்கிறவர், ஜவுளிக்கடையில் நாள் பூராவும் நின்றே விற்கிற பெண், இறுக்கமாக ஜீன்ஸ் மாட்டிய காலேஜ் பையன் என்று ஆள் பார்க்காமல், இடுப்பிலும் தொடை இடுக்கிலும் வட்டம் வட்டமாக வந்து உட்காரும் விருந்தாளி ஒன்று உண்டு. படர்தாமரை.

டாக்டரிடம் காட்டக் கூச்சம். மெடிக்கல் ஷாப்பில் கேட்பது சுலபம். ஒரு டியூப், நாலு மாத்திரை. நாலாம் நாள் அரிப்பு நிற்கும், மருந்தும் நிற்கும். அடுத்த மாதம் விருந்தாளி குடும்பத்தோடு திரும்பி வருவார்.

அந்த நாலு மாத்திரைக்குப் பின்னால் பெரிய சரித்திரம் இருக்கிறது. கொஞ்சம் பயங்கரமான சரித்திரம்.

முதலில் ஒரு உறவுமுறையைத் தெரிந்துகொள்வோம். பாக்டீரியா நமக்கு எந்த விதத்திலும் நெருங்கிய சொந்தமில்லை. அதன் உடம்பைச் சுற்றி ஒரு சுவர் இருக்கிறது, நமக்குக் கிடையாது. பென்சிலின் அந்தச் சுவரைக் கெடுக்கிறது. நம்மை விட்டுவிடுகிறது. பூஞ்சை அப்படியில்லை. செடி கொடிகளைவிட அது நமக்கு நெருக்கம். அதன் செல்லும் நம் செல்லும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் கட்டடம். சுருக்கமாக, பூஞ்சை நமக்குப் பங்காளி. பங்காளியை மட்டும் குறிபார்த்து அடிக்கிற விஷத்தை எங்கே போய்த் தேடுவது?

1969-ல் வழி பிறந்தது. ஜெர்மனியின் பேயர் கம்பெனி க்ளோட்ரிமசோலைக் கண்டுபிடித்தது. அதே சமயம் பெல்ஜியத்தில் பால் ஜான்சென் என்பவரின் கம்பெனி மைக்கோனசோலைத் தயாரித்தது. இரண்டும் 'அசோல்' குடும்பம். நம் செல்லின் மேலுறைக்கு கொலஸ்டிரால் எப்படியோ, பூஞ்சைக்கு எர்கோஸ்டிரால் அப்படி. அதைத் தயாரிக்கும் ஒரு என்சைமை அசோல் முடக்குகிறது. உறை ஓட்டையாகிறது. பூஞ்சை படுத்துவிடுகிறது.

ஆனால் இவை பெரும்பாலும் மேலே தடவத்தான் உதவின. உள்ளுக்குச் சாப்பிடத் தோதான அசோல் வேண்டும் என்று ஜான்சென் கம்பெனி மேலும் உழைத்தது. கீட்டோகோனசோல் வந்தது. 1981-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. ஊசி வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம், மாத்திரை போதும். உலகமே கொண்டாடியது.

பங்காளிச் சிக்கல் அப்புறம்தான் ஆரம்பித்தது. பூஞ்சையில் அசோல் முடக்குகிற என்சைமுக்கு நம் கல்லீரலில் ஒரு பெரிய உறவுக் கூட்டமே இருக்கிறது. நாம் விழுங்கும் மாத்திரைகளில் பலவற்றை உடைத்து வெளியேற்றுவது அந்தக் கூட்டம்தான். அதையும் சேர்த்துக் கட்டிப்போட்டால்?

1990-ல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் பத்திரிகையில் 39 வயதுப் பெண் ஒருவரைப் பற்றிய கட்டுரை வந்தது. அலர்ஜிக்காக டெர்ஃபெனடின் என்ற மாத்திரையை அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு வெகு பிரபலமான மாத்திரை அது. நடுவில் பூஞ்சைத் தொல்லை வந்தது. டாக்டரைக் கேட்கவில்லை. தானாகவே கீட்டோகோனசோலையும் சேர்த்து விழுங்கினார். சில நாளில் மயங்கி விழுந்தார். இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். டெர்ஃபெனடினை வந்த வேகத்தில் கல்லீரல் வேறொரு பொருளாக மாற்றிவிடும். அலர்ஜியை அடக்குவது அந்தப் பொருள். மாறாத டெர்ஃபெனடின் ரத்தத்தில் சேர்ந்தால் இதயத்தின் தாளத்தைக் குலைக்கும். மாற்ற வேண்டிய என்சைமை கீட்டோகோனசோல் பூட்டி வைத்துவிட்டது. தனித்தனியே பார்த்தால் இரண்டும் நல்ல பிள்ளைகள். கூட்டு சேர்ந்ததில்தான் வினை.

1998-ல் டெர்ஃபெனடின் அமெரிக்கச் சந்தையிலிருந்து வெளியேறியது. கல்லீரல் மாற்றித் தருகிற பொருளையே நேரடியாக மாத்திரையாக்கினார்கள். ஃபெக்சோஃபெனடின். நம்மூர் மெடிக்கல் ஷாப்பில் இன்றைக்கும் சளிக்கும் அலர்ஜிக்கும் கிடைக்கிறதே, அதேதான்.

கீட்டோகோனசோலும் தப்பவில்லை. கல்லீரலையே பாதிக்கிறது என்ற புகார்கள் குவிந்தன. 2013 ஜூலை 26-ம் தேதி ஐரோப்பிய மருந்து அமைப்பு, பூஞ்சைக்கு அந்த மாத்திரையைக் கொடுப்பதை நிறுத்தச் சொன்னது. அதே நாளில் எஃப்.டி.ஏ.வும் கடிவாளம் போட்டது: எடுத்த எடுப்பில் கொடுக்காதே, தோலுக்கும் நகத்துக்கும் கொடுக்கவே கொடுக்காதே. ஷாம்பூவும் கிரீமும் வேறு கதை, அவை அவ்வளவாக ரத்தத்தில் கலப்பதில்லை.

அதற்குள் தம்பிகள் வந்திருந்தார்கள். ஃப்ளூகோனசோலுக்கு 1990-லும் இட்ராகோனசோலுக்கு 1992-லும் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அண்ணனைவிட சாது. ஆனால் குடும்பக் குணம் முழுசாகப் போகுமா? இதயம் பலவீனமானவர்களுக்கு இட்ராகோனசோல் ஆகாது என்று 2001-ல் எச்சரிக்கை வந்தது.

இந்தியாவில் நாம் வேறொரு வில்லங்கத்தைச் சேர்த்துக்கொண்டோம். பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டையும் ஆன்டிபயாட்டிக்கையும் கலந்த டியூப்கள். ஸ்டீராய்டு பட்டதும் சிவப்பும் அரிப்பும் மாயம். நம் தோலின் காவல்காரனையும் அதுவே தூங்க வைத்துவிடுவதால் பூஞ்சை நிம்மதியாகப் பரவும். 2016-ல் மத்திய அரசு 344 கலவை மருந்துகளைத் தடை செய்தது. வழக்கு, கோர்ட், மறுபரிசீலனை எல்லாம் முடிந்து 2018 செப்டம்பரில் 328 கலவைகளுக்குத் தடை வந்தது. இந்த ரக கிரீம்கள் பலவும் அந்தப் பட்டியலில் இருந்தன.

தாமதம்தான். 2020-ல் விஞ்ஞானிகள் ஒரு பூஞ்சைக்குப் புதுப் பெயர் வைத்தார்கள்: ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே. பெயரிலேயே இந்தியா. டெர்பினாஃபின் என்ற வழக்கமான மருந்துக்கு இது பெரும்பாலும் மசிவதில்லை. 2023-ல் நியூயார்க்கிலும் இதைக் கண்டதாக அறிவித்தார்கள். இதற்கு இப்போது டாக்டர்கள் முக்கியமாக நம்புவது இட்ராகோனசோலை. அதையும் நாலு நாள் தின்று பாதியில் விட்டு வீணடித்தால், அப்புறம் எதை நம்புவது?

ஆகவே சில கணக்குகள். இட்ராகோனசோல் கேப்சூலைச் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும், அது கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். கூடவே கேஸ் மாத்திரை போட்டால் பாதி மருந்து வீண். சில கொழுப்பு மாத்திரைகளோடு சேர்ந்தால் தசையே சிதையலாம். ஃப்ளூகோனசோல், சில சர்க்கரை மாத்திரைகளோடு சேர்ந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு ரத்தக்கசிவு வரலாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் அசோல் வேலையே செய்யாது. கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால், கால் வீங்கி மூச்சு வாங்கினால், மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

விழுப்புரம்–திண்டிவனம் சாலையிலேயே, முண்டியம்பாக்கத்தில், 2010-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. இறங்கிப் போய்க் காட்டலாம். போகும்போது வீட்டில் சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். அந்த அமெரிக்கப் பெண்மணி மாத்திரையை வாயில் போடுவதற்கு முன் யாராவது ஒருவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: 'வேற என்னம்மா மாத்திரை சாப்பிடறீங்க?'