காமிராத் திரையின் கதை

நம் காலனி இல்லங்களில் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தால், பட்டுப் புடவைகளுக்கு அடியிலோ பெரியவரின் பணிச் சான்றிதழ்களுக்கு நடுவிலோ, தோலுறையிட்ட காமிரா ஒன்று அகப்படுவது உண்டு. ‘ஷட்டர் போய்விட்டது, இனி உதவாது’ என்று ஒதுக்கப்பட்டதாகவே அது பெரும்பாலும் இருக்கும். போனது எது, எதனால் போயிற்று என்று ஆராய்ந்தவர் சிலரே. அந்த ஷட்டருக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு துணித் திரை. அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

தொடக்கத்தில் திரையே இல்லை. 1858-இல் சென்னை மாகாண அரசின் படப்பிடிப்பாளர் லின்னேயஸ் டிரைப் தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்தபோது, காகித நெகட்டிவில் உருவம் பதிய நிமிடக் கணக்கில் ஒளி வேண்டியிருந்தது. லென்ஸின் மூடியைக் கையால் எடுப்பதும் மீண்டும் மூடுவதுமே அக்காலத்து முறை. அசையாத கோபுரத்துக்கு அது போதும்; ஓடும் குதிரைக்குப் போதாது. 1871-இல் ரிச்சர்டு மேடாக்ஸ் கண்ட ஜெலாட்டின் உலர் தகடு, பின்வந்தவர்களின் முயற்சியால் ஒளியை நொடியில் பற்றும் ஆற்றல் பெற்றது. வினாடியின் சிறு கூற்றை மனிதக் கை அளக்க இயலுமோ? இயந்திரம் தேவையாயிற்று.

ராஜா தீன்தயாள் நம் செகந்திராபாத்தில் படக்கூடம் நடத்திய காலமும் ஏறத்தாழ இதுவே. ஆறாம் நிஜாமின் அரசவைப் படப்பிடிப்பாளரான அவர் 1894-இல் ‘ராஜா’ பட்டம் பெற்றார். அதற்கு முந்திய ஆண்டில்தான் நம் லாலாகுடா ரயில்வே பணிமனை தோன்றிற்று. அந்நாளில் இங்கிலாந்தின் தார்ன்டன்-பிக்கார்டு நிறுவனத்தார் செய்த ஷட்டரை, பங்களா ஜன்னலில் சுருண்டு ஏறும் திரைச்சீலையின் தம்பி எனலாம்: துளையிட்ட கறுப்புத் துணி, இரண்டு உருளைகள், ஒரு சுருள்வில், அவ்வளவே. ஜெர்மானியரான ஒட்டோமார் அன்ஷூட்ஸோ திரையைத் தகட்டுக்கு நேர் முன்னே வைத்து, 1884-லேயே பறக்கும் நாரைகளைப் படம் பிடித்தார். பின்னர் 1925-இல் விற்பனைக்கு வந்த ஆஸ்கர் பர்னாக்கின் லைக்கா, ரப்பர் பூசிய இரண்டு துணித் திரைகளைச் சிறிய படச்சுருளின் முன்னே ஓடவிட்டது. நம் பெட்டிகளில் உறங்கும் காமிராக்களில் பல இதன் வழித்தோன்றல்கள்.

முதல் திரை விலகி வழிவிடும். இரண்டாம் திரை அதனைத் துரத்தி வந்து மூடும். வேகம் கூடக் கூட இரண்டுக்கும் இடைப்பட்ட பிளவு குறுகும். வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு எனும் வேகத்தில் அப்பிளவு ஏறத்தாழ 2 மில்லிமீட்டரே. ஆகவே இத்திரைகளின் நோயைப் படமே சொல்லிவிடும். அச்சிட்ட படத்தில் வெண்புள்ளியோ வெண்மூட்டமோ ஒரே இடத்தில் படத்துக்குப் படம் தோன்றினால், வேண்டாத ஒளி நுழைந்திருக்கிறது: திரையில் ஊசித்துளை. ஒரு பக்கம் கருமையாக மறைந்தால், வேண்டிய ஒளி எட்டவில்லை: பின்திரை முன்திரையை வழியிலேயே எட்டிப் பிடித்துவிட்டது.

துளைக்குக் காரணம் பல. ரப்பர் முதுமையால் வறண்டு வெடிக்கும். உள்ளே கண்ணாடித் தடுப்பு இல்லாத காமிராவை மூடியின்றிச் சூரியனை நோக்கி வைத்தாலோ, லென்ஸே பூதக்கண்ணாடியாகித் துணியைச் சுட்டுவிடும். தக்காணத்து வெயிலில் இதற்கு நெடுநேரம் வேண்டாம். படச்சுருளை எடுத்துவிட்டு, லென்ஸையும் கழற்றி, இருட்டறையில் சிறு விளக்கை முன்னே பிடித்துப் பின்புறமிருந்து நோக்கினால் துளை விண்மீனாய் மின்னும். ஷட்டரை ஏற்றிய நிலையில் ஒருமுறை, விடுவித்தபின் ஒருமுறை பார்த்தல் வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் படத்தை மறைப்பது வேறு வேறு திரை. ஓரிரு துளைகளானால், வளைந்து கொடுக்கும் கறுப்பு ரப்பர்ப் பூச்சை மெல்லியதாகத் தடவலாம். எனாமல் கூடாது, சுருளும்போது உடைந்து உதிரும். துணி முழுதும் வெடித்திருந்தால் புதுத் திரை ஒட்டுவதே வழி.

கருமை நோய்க்கு வில்லை முறுக்குவதே மருந்து என்று பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் குற்றவாளி உருளை முனைகளில் பிசினாய் இறுகிய பழைய எண்ணெய். அதைத் துடைக்காமல் வில்லை முறுக்கினால் திரையை இழுக்கும் நாடாக்கள் அறும். நான் செய்த பிழை இன்னும் பெரிது. 1974-இல் என் தங்கையின் திருமணத்துக்கு முந்திய நாள், மந்தமாயிருந்த ஷட்டருக்குள் தையல் இயந்திர எண்ணெயைத் தாராளமாக விட்டேன். அது துணியில் ஊறித் திரையைப் பிடித்துக்கொண்டது. அந்த முகூர்த்தத்துக்கு எங்கள் வீட்டில் இன்றும் முழுப்படம் இல்லை.

திரையின்மேல் வீண்பழி சுமத்துவதும் உண்டு. மின்னல் விளக்குடன் எடுத்த படத்தில் மணமக்களுள் ஒருவர் மட்டும் இருளில் மறைந்தால், முதலில் வேகத்தைப் பாருங்கள். இவ்வகைக் காமிராக்கள் பலவற்றில் வினாடியில் 1/60-க்கு மேல் வைத்தால், விளக்கு மின்னும் கணத்தில் படம் முழுதும் திறந்திராது. பழைய தகட்டுக் காமிராவில் எடுத்த விரைவு ரயிலின் எஞ்சின் ஒருபுறம் சாய்ந்து நிற்பதும் பழுதன்று; பிளவு மேலிருந்து கீழே வருவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

காமிராவைப் பெட்டியில் வைக்குமுன் ஷட்டரை விடுவித்து வில்லைத் தளர்த்திவிடுதல் நலம். மழைக்காலம் கழிந்ததும், படச்சுருளின்றி ஒவ்வொரு வேகத்திலும் சில முறை இயக்கிப் பாருங்கள். ஒரு வினாடி வேகத்தில் எழும் மெல்லிய சக்கர ஒலி நடுவில் திக்கி நின்றால், பணிமனையில் பழகிய செவிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை: அது திரையின் குற்றமன்று, வறண்டுபோன பற்சக்கரங்களின் குற்றம்.