மணியடிக்க எந்தக் கம்பி?

மோகனூர்ப் பக்கத்துக் காவிரிக்கரைத் தோட்டங்களில் மோட்டார்க் கொட்டகை ஓரிடத்திலும் வீடு வேறோரிடத்திலும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரவில் யாரேனும் கொட்டகைக் கதவைத் திறந்தால் வீட்டில் மணி அடிக்கவேண்டும். மணியும் மின்கலமும் கடையில் எளிதில் கிடைத்துவிடும். இடையே இழுக்கும் கம்பிதான் செலவு. மலிவான கம்பி போதுமா? இது தந்தி பிறந்த காலத்துக் கேள்வி. அதற்கு விடை கண்டவர்களுள் ஒருவர் நம் நாட்டில் உழைத்தவர்.

கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்த ஐரிஷ் மருத்துவர் வில்லியம் ஓஷானஸி, 1839இல் மூங்கில்களில் கம்பி கட்டித் தந்திச் சோதனை நடத்தினார். பின்னர் 1851இல் கல்கத்தாவையும் டைமண்ட் ஹார்பரையும் இணைத்தபோது அவர் பயன்படுத்தியது மென்மையான செப்புக் கம்பியன்று. எட்டில் மூன்று அங்குலப் பருமனுள்ள இரும்புக் கோல்! இரும்பின் தடை செம்பைப்போல் ஏறத்தாழ 6 மடங்கு. அதை ஈடுகட்டக் குறுக்குப் பரப்பை 6 மடங்காக்கினால் போதும். அதாவது விட்டம் சுமார் இரண்டரை மடங்கு. அப்படிப் பார்த்தால் அந்தக் கோல் 4 மில்லிமீட்டர் செப்புக் கம்பிக்குச் சமம். குரங்கு தொங்கினாலும் புயல் அடித்தாலும் தாங்கும். முறிந்தால் கொல்லரே ஒட்டிவிடுவார். பார்க்க அழகில்லை, ஆனால் நல்ல இயற்பியல்.

இன்னொரு சிக்கனத்தை 1838இல் மியூனிக் நகரில் ஷ்டைன்ஹைல் காட்டியிருந்தார். மின்னோட்டம் திரும்பிவரும் வழியாகப் பூமியையே கொண்டால் கம்பி பாதியாகக் குறையும். தந்திக்கு அது கைகொடுத்தது. நீங்கள் இதை முயலவேண்டாம். சித்திரை வெயிலில் காய்ந்த நம் மண்ணின் தடை எவ்வளவென்று யார் கண்டது?

திருட்டு மணிக்கு 1853இல் அமெரிக்காவின் அகஸ்டஸ் போப் காப்புரிமை பெற்றார். அதை 1857இல் வாங்கிய எட்வின் ஹோம்ஸுக்கு உறையிட்ட கம்பி கிடைக்கவில்லை. அக்காலப் பெண்களின் விரிந்த பாவாடைக்குள் வைக்கும் கம்பிக்கு நூல் சுற்றுவோரிடம் சென்று தம் கம்பிக்கும் சுற்றச் செய்தார்!

இனி நம் தோட்டத்துக் கணக்கு. கொட்டகை 100 மீட்டர் தொலைவில் என்போம். போகவரக் கம்பி 200 மீட்டர். தொலைபேசியில் பயன்படும் 0.5 மில்லிமீட்டர் செப்புக் கம்பியின் தடை இத்தொலைவுக்கு 17.5 ஓம். 40 ஓம் தடையுள்ள 12 வோல்ட்டு மணியை அதில் நேராகக் கோத்தால் மணிக்குக் கிட்டுவது 8.3 வோல்ட்டுதான், மணி அடிக்காது, முனகும். 1 மில்லிமீட்டர் கம்பி போட்டால் தடை கால் பங்காகும், 10.8 வோல்ட்டு கிட்டும். ஆனால் விலை?

இங்கேதான் 1835 வாக்கில் ஜோசப் ஹென்றி காட்டிய ரிலே உதவுகிறது. தொலைவுக் கம்பியில் 400 ஓம் ரிலேச் சுருளை மட்டும் கோத்து, மணியை வீட்டிலேயே மின்கலத்தருகே வையுங்கள். அதே மெல்லிய கம்பியில் ரிலேக்கு 11.5 வோல்ட்டு கிடைக்கிறது. பருமனான கம்பி மணிக்கருகே சில அடி போதும்.

போப்பின் மணி, கதவு திறந்ததும் சுற்று இணைந்து அடிக்கும் வகை. கம்பியை வெட்டிவிட்டால் அது ஊமை. ஆதலால் எப்போதும் மின்னோட்டம் ஓடி, அறுந்தால் மணியடிக்கும் மூடிய சுற்றே நமக்கு ஏற்றது. ரிலே இடைவிடாது 0.03 ஆம்பியர் இழுப்பதால் 7 ஆம்பியர்-மணி மின்கலம் பத்து நாளைக்குள் தீரும், மின்னேற்றி வேண்டும். இன்றைய மின்னணுப் பலகைகள் இதைவிட மிகக் குறைந்த மின்னோட்டத்திலேயே வேலை செய்கின்றன.

கடையில் ஒரு சொல். செம்பு நிறத்தில் மிக மலிவாகக் கிடைப்பது செம்பு பூசிய அலுமினியமாக இருக்கலாம். அதன் தடை ஒன்றரை மடங்கு. திருகில் இறுக்கினால் ஒடியவும் கூடும். கம்பி நுனியைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியமாகவே இருக்கும். விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது அடுத்த கடைக்குப் போங்கள்.