மைனொட் நகரில் அன்றிரவு வானொலி ஏன் பேசவில்லை?

 

ஆபத்து நேரத்தில் நாம் எல்லோரும் ஒரு குரலைத் தேடுகிறோம். "என்ன நடந்தது, இப்போது நாம் என்ன செய்ய வேண்டும்" என்று சொல்லும் குரல். அந்தக் குரல் வராமல் போன ஓர் அமெரிக்க நகரத்தின் வரலாறு இது.

வட டகோட்டா மாநிலத்தில் மைனொட் என்று ஒரு நகரம். அன்று அங்கே வாழ்ந்தவர்கள் சுமார் 36,500 பேர். 2002 ஜனவரி 18, அதிகாலை 1.37 மணி. வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையளவில் இருந்தது. நகரத்தின் மேற்கு எல்லைக்கு அருகே கனேடியன் பசிபிக் கம்பனியின் சரக்கு ரயில் தடம் புரண்டது. 112 பெட்டிகளில் 31 கவிழ்ந்தன. பசளைக்குப் பயன்படும் திரவ அமோனியாவை ஏற்றிய 5 தாங்கிகள் வெடித்துப் பிளந்தன. சுமார் 5 இலட்சத்து 55 ஆயிரம் லீற்றர் அமோனியா உடனேயே வெளியேறியது.

அமோனியா ஈரத்தைத் தேடிப் போகும் வாயு. கண், தொண்டை, நுரையீரல் எல்லாவற்றையும் எரிக்கும். அந்தக் குளிரில் அது மேலே கலைந்து போகாமல், வெண்மேகமாக நிலத்தோடு படர்ந்தது. மேகம் பரவிய பகுதியில் 11,600 பேர் அளவில் இருந்தார்கள். பல வீடுகளில் மின்சாரமும் போய்விட்டது.

இந்த நிலையில் மக்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது சின்ன விடயம்தான். வெளியே ஓடாதீர்கள். கதவு ஜன்னல்களை மூடுங்கள். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, நனைந்த துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். அமோனியா தண்ணீரில் கரைந்துவிடும் என்பதால் இந்த எளிய வழி உயிரைக் காக்கும். அவசர இலக்கத்துக்கு அழைத்தவர்களுக்கு இதைச் சொன்னார்கள். ஆனால் ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் அழைத்தால் எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்ல முடியும்?

மக்கள் வானொலியைத் திருப்பினார்கள். வழமையான நிகழ்ச்சிதான் போய்க்கொண்டிருந்தது.

அன்று மைனொட்டின் 6 வணிக வானொலி நிலையங்களும் கிளியர் சனல் என்ற ஒரே கம்பனிக்குச் சொந்தமாக இருந்தன. இது தற்செயலாக நடந்ததல்ல. 1996க்கு முன் அமெரிக்காவில் ஒரு கம்பனி நாடு முழுவதும் 40 வானொலி நிலையங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அந்த ஆண்டு வந்த தொலைத்தொடர்புச் சட்டம் அந்த வரம்பை நீக்கியது. சில வருடங்களிலேயே கிளியர் சனலின் கையில் சுமார் 1,200 நிலையங்கள். செலவைக் குறைக்க, பல ஊர்களில் நிகழ்ச்சிகள் வேறெங்கோ பதிவுசெய்யப்பட்டு, இரவில் இயந்திரத்தாலேயே ஒலிபரப்பாகின.

பொலிஸார் அவசர ஒலிபரப்புக்கெனக் குறிக்கப்பட்ட நிலையத்தை அழைத்தார்கள். யாரும் எடுக்கவில்லை என்றார்கள். கம்பனியோ, உள்ளே ஆள் இருந்தார், மக்களின் அழைப்புகளால் இணைப்புகள் நிரம்பிவிட்டன என்றது. நாடளாவிய அவசர எச்சரிக்கை முறையைப் பயன்படுத்த ஊர் அதிகாரிகள் ஆயத்தமாக இருக்கவில்லை என்றும் சொன்னது. அந்தப் புதிய முறை 1997இலிருந்தே நடைமுறையில் இருந்தது. ஆனால் தேவைப்பட்ட இரவில் அது மைனொட்டில் வேலை செய்யவில்லை.

ஒருவர் உயிரிழந்தார். 11 பேர் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். மேலும் 322 பேருக்குச் சிறு காயங்கள். விபத்துக்குக் காரணம், தண்டவாள இணைப்புத் தகடுகளில் இருந்த வெடிப்பை ரயில் கம்பனியின் பரிசோதனை கண்டுபிடிக்கத் தவறியதே என்று தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2004இல் முடிவு சொன்னது.

அந்த மாநிலத்து செனட்டர் பைரன் டோர்கன் மைனொட்டின் கதையைத் தலைநகருக்குக் கொண்டுபோனார். ஊடக உடைமை விதிகளை மேலும் தளர்த்த 2003 ஜூனில் மத்திய தொடர்பாடல் ஆணைக்குழு 3க்கு 2 என்று முடிவெடுத்தபோது, நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. செப்டெம்பரில் செனட் சபை 55க்கு 40 என்று அந்த முடிவை நிராகரித்து வாக்களித்தது. அடுத்த வருடம் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதிகளில் பெரும்பகுதியை மீளாய்வுக்குத் திருப்பி அனுப்பியது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கம்பனியை மட்டும் குற்றம் சாட்டுவார்கள். நாம் அங்கே நிறுத்திவிடக் கூடாது. ஊரை அறியாத கம்பனி ஒரு பக்கம். "கருவி இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும்" என்றிருந்த நிர்வாகம் மறுபக்கம். பொலிஸாரும் வானொலிக்காரரும் முன்கூட்டியே ஒருநாள் சேர்ந்திருந்து ஒத்திகை பார்த்திருந்தால், எந்த இலக்கத்துக்கு அழைப்பது, யார் எடுப்பது என்பது அன்று தெரிந்திருக்கும். முன்பு ஊர் வானொலியில் இரவு முழுக்க இருந்த அறிவிப்பாளரைப் பொலிஸாருக்குப் பெயர் சொல்லித் தெரியும். அந்தப் பழக்கம் அறுந்ததை, விபத்து நடக்கும் வரை யாரும் கவனிக்கவில்லை.

செய்தி சொல்பவர் நம் ஊரில் இருக்கிறாரா, நள்ளிரவில் அழைத்தால் எடுப்பாரா என்பதை நல்ல நாளிலேயே நாம் கேட்டுவைக்க வேண்டும். மைனொட் மக்களுக்கு இந்தக் கேள்வி காலம் கடந்துதான் வந்தது. பிள்ளைகளுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.