பட்ஜெட்டில் பழைய வீட்டை புதுப்பிக்கணுமா? பெயிண்டுக்கு முன்னாடி மொட்டை மாடிக்கு போங்க!

கையில் இருந்த பணத்துக்கு ஒரு பழைய வீடு வாங்கியாச்சு. பத்திரச் செலவு போக மிச்சம் கொஞ்சம்தான். பலரும் அதை எடுத்துக்கொண்டு நேராக பெயிண்ட் கடைக்குப் போகிறார்கள். பிரச்னையே அங்கேதான் ஆரம்பம்.

முதல் செலவு மொட்டை மாடிக்கு. எங்கே தண்ணீர் தேங்குது, மழைநீர்க் குழாய் அடைச்சிருக்கா, தட்டோடுகளுக்கு நடுவே விரிசல் இருக்கா என்று பாருங்கள். கான்கிரீட்டுக்குள் இறங்கும் நீரால் கம்பி துருப்பிடித்து உப்பும். அதனால்தான் சீலிங் காரை பெயர்ந்து விழுகிறது. கம்பியே வெளியில் தெரிந்தால் மேஸ்திரியோடு நிறுத்தாமல் கட்டடப் பொறியாளரிடம் காட்டுங்கள். உயிர் விஷயம்.

அடுத்து வயரிங், பைப். சுவரை உடைக்கும் வேலை எல்லாம் பூச்சுக்கு முன்பே முடிஞ்சிடணும். எர்த் சரிபார்த்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று போடுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் கரண்டை உடனே துண்டிக்கும்.

புதுப் பூச்சு நன்றாகக் காயும் வரை பெயிண்ட் வேண்டாம். ஈரச் சுவரில் அடித்தால் உரிஞ்சு வரும். டைல்ஸ், கிச்சன் கபோர்டு அடுத்த வருஷம்கூட செய்யலாம்.

கடன் தேவையா? பர்சனல் லோனுக்கு முன் வங்கியில் வீட்டுப் பழுதுபார்ப்புக் கடன் கேளுங்கள், வட்டி பொதுவாகக் குறைவு. பழைய வரி முறையில் இருப்பவர்கள், தாங்கள் குடியிருக்கும் வீடு என்றால், இந்த வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். பில்களை பத்திரமா வைங்க.