லிங்கனின் மாற்றாந்தாய்

மாற்றாந்தாய் என்ற சொல்லைக் கேட்டதும் நம் முகம் சுளிக்கிறது. ஓரவஞ்சனை செய்யும் ஆட்சியைச் சாட எழும் மேடைப் பேச்சாளருங்கூட, 'மாற்றாந்தாய் மனப்பான்மை' என்றுதான் முழங்குகிறாரேயன்றி வேறு சொல் தேடுவதில்லை. பாட்டிக் கதைகளும் புராணங்களும் ஊட்டி வளர்த்த வெறுப்பு அது. கதையை ஒருபுறம் வைத்துவிட்டு வரலாற்றைப் புரட்டுவோம். அடிமைத் தளையறுத்த ஆபிரகாம் லிங்கன், மாற்றாந்தாயிடம் வளர்ந்தவர்.

1818 அக்டோபர் 5. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், லிட்டில் பிஜன் கிரீக் என்னும் காட்டுக் குடியிருப்பில், நான்சி லிங்கன் கண்மூடினார். அவரைக் கொன்றது 'பால் நோய்.' நச்சுப் பூண்டை மேய்ந்த பசுவின் பால் மனிதரையும் மாய்க்கும் என்ற உண்மை அந்நாளில் அங்கிருந்தோர்க்குத் தெரியாது. நான்சியை வளர்த்த உறவினர் இருவரும் அதே நோய்க்குச் சில நாள் முன்னர்தான் இரையாகியிருந்தனர். கணவர் தாமஸ் தச்சுவேலை அறிந்தவர். மனைவிக்குத் தாமே சவப்பெட்டி செய்தார். மகன் ஆபிரகாமுக்கு வயது ஒன்பது. அக்காள் சாராவுக்குப் பதினொன்று. அடுப்படிப் பாரம் அந்தச் சின்னஞ்சிறு பெண்ணின் தலையில் விழுந்தது. வீட்டுக்கு அருகே மேட்டில் தாயின் புதைகுழி. நிலையான நினைவுக்கல் அங்கே நடப்பட்டது 1879-இல்தான்!

ஓராண்டு உருண்டது. தாமஸ் கெண்டக்கி மாநிலத்துக்குப் பயணமானார். எலிசபெத்டவுனில் அவர் முன்பே அறிந்திருந்த சாரா புஷ் ஜான்ஸ்டன், கணவரை இழந்து மூன்று குழந்தைகளுடன் வாழ்ந்துவந்தார். 1819 டிசம்பர் 2-ஆம் நாள் இருவருக்கும் திருமணம் நடந்தது. (நம் நாட்டில் கைம்பெண் மறுமணத்துக்குச் சட்டம் துணைநின்றது 1856-இல் என்பதை இங்கே நினைவிற் கொள்வது தகும்.)

அந்தப் பத்து வயதுச் சிறுவனின் நெஞ்சை எண்ணிப் பாருங்கள். தாயின் நினைவு ஆறவில்லை. வண்டியொன்று வந்து நிற்கிறது. முன்பின் பழகாத ஒரு பெண்மணி இறங்குகிறார். உடன் மூன்று பிள்ளைகள். மேசை, நாற்காலி, படுக்கை, அலமாரி. இனி இவர்தாம் உன் அன்னை என்றால் உள்ளம் உடனே ஒப்புமா?

வந்தவர் உபதேசம் செய்யவில்லை, வேலை செய்தார். அழுக்கேறிக் கந்தலுடுத்திக் கிடந்த பிள்ளைகளைக் குளிப்பாட்டி நல்லுடை அணிவித்தார். மண் தரைக்குப் பலகை பாவச் செய்தார். உறவினர் டென்னிஸ் ஹேங்க்ஸையும் சேர்த்து, அந்தச் சிறு மரவீட்டில் எட்டுப் பேர். என் பிள்ளை, உன் பிள்ளை என்ற பிரிவினை தலைகாட்டியிருந்தால், குடும்பம் குலைந்தே போயிருக்கும். அவர் அதற்கு இடங்கொடுக்கவில்லை.

இன்னுமொன்று, எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. சாரா எழுதப் படிக்க அறியாதவர். உழவுக்கும் மரம் வெட்டவும் ஆள் தேவைப்பட்ட தாமஸுக்கோ, மகன் ஏடும் கையுமாக இருப்பது முதலில் உவப்பாக இல்லை. ஆபிரகாம் வீட்டிலும் படிக்கட்டும் என்று பரிந்து பேசி, கணவரை இணங்கவைத்தவர் சாரா. படிக்கும்போது பையனைத் தொந்தரவு செய்யாமலும் பார்த்துக்கொண்டார். தன் உள்ளம் எதை நாடியதோ அதையே மதித்த ஒருவரை, அச்சிறுவன் அவரிடம் கண்டான். 'மாமா' என்று அவரை அழைத்தான். ஆங்கிலத்தில் குழந்தைகள் தாயை அழைக்கும் சொல் அது.

அந்தச் சொல் வெறும் வாய்ச்சொல்தானா? 1851-ஆம் ஆண்டு விடை தருகிறது. அவ்வாண்டு சனவரியில், இல்லினாய் மாநிலத்தில், தாமஸ் இறந்தார். தந்தையோடு மனம் ஒட்டாத லிங்கன் இறுதிச் சடங்குக்கும் செல்லவில்லை. ஆனால் நவம்பரில், சாராவின் சொந்த மகன் ஜான் ஜான்ஸ்டன் நிலத்தை விற்றுவிட்டு வேறிடம் போக நினைத்தபோது, லிங்கன் சினந்து கடிதம் எழுதினார். அன்னை உயிரோடிருக்கும்வரை, அவருக்காகக் கிழக்குப் புறத்து நாற்பது ஏக்கரைக் காத்துவைப்பேன் என்பது அவர் முடிவு. பெற்ற மகன் விற்கத் துடித்தான். வளர்ந்த மகன் தடுத்து நின்றார்!

குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு வாஷிங்டன் புறப்படுமுன், 1861 சனவரி இறுதியில், கடுங்குளிரில் பயணம் செய்து அந்த மூதாட்டியைக் கண்டு விடைபெற்றார். மகனுக்குத் தீங்கு நேருமோ என்று சாரா அஞ்சினார். 1865 ஏப்ரலில் அந்த அச்சம் மெய்யாயிற்று.

அவ்வாண்டு செப்டம்பரில், லிங்கனின் வழக்கறிஞர்த் தொழிற்கூட்டாளி வில்லியம் ஹெர்ண்டன் சாராவைத் தேடிச் சென்று பேசினார். ஆபிரகாம் தம்மிடம் ஒருநாளும் கடுஞ்சொல் பேசியதில்லை என்றார் அவர். தம் மகன் ஜானும் நல்ல பிள்ளையே, இருவருமே இன்றில்லை, ஆயினும் ஆபிரகாமைப்போல் ஒரு பிள்ளையைத் தாம் கண்டதுமில்லை, இனிக் காணப்போவதுமில்லை என்றும் சொன்னார்.