குரோமும் ஆவாரமும்

படப்பை என்ற சொல்லுக்குச் சங்கத் தமிழில் தோட்டம் என்று பொருள். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் இருக்கும் எங்கள் ஊருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்ற ஆராய்ச்சியில் நான் இறங்கப் போவதில்லை. அது புலவர்கள் பாடு. ஆனால் தோட்டம் என்று பெயர் கொண்ட ஊரில் மனை வாங்கி வீடு கட்டிவிட்டுத் தோட்டம் போடாமல் இருந்தால் நன்றாயிருக்குமா? போட்டேன்.

வாசலில் குரோட்டன்ஸ் வைத்தேன். மதில் மேல் காகிதப்பூவை ஏற்றினேன். கொல்லையில் இரண்டு பாத்தி கத்தரி. குரோட்டன்ஸ் ஜோராக வளர்ந்தது. காகிதப்பூவும் குறை வைக்கவில்லை. கத்தரி மட்டும் ஊதா ஊதாவாகப் பூத்து, பூத்ததில் பாதிக்கு மேல் உதிர்ந்துகொண்டே இருந்தது. உரம் போட்டேன். உரக்கடைக்காரர் சந்தோஷப்பட்டார், கத்தரி சந்தோஷப்படவில்லை.

பக்கத்துக் காலி மனையில் ஆடு மேய்க்க வரும் ஒரு கிழவி, ஒரு நாள் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"ஐயா, வண்டு வந்தாத்தானே காய் புடிக்கும்? இங்கே இருந்த ஆவாரஞ்செடியையெல்லாம் வெட்டிப் போட்டுட்டீங்க. வண்டு எதுக்கு வரும்?"

உண்மைதான். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னால் மனை நிறைய மஞ்சளாகப் பூத்துக் கிடந்த ஆவாரம் புதர்களைக் குப்பைச் செடி என்று ஆள் வைத்து வெட்டியவன் நான்தான். கூலி வேறு கொடுத்தேன்.

ஆவாரம் பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஐந்து மஞ்சள் இதழ். நடுவே நீளமும் குட்டையுமாகப் பத்துக் கேசரங்கள். மற்றப் பூக்களில் மகரந்தப்பை வெடித்துப் பொடி வெளியே தெரியும். இங்கே அப்படியில்லை. பையின் நுனியில் சின்னத் துவாரம், பொடியெல்லாம் உள்ளே. தேனோ கிடையாது. கஞ்சனுடைய பெட்டி மாதிரி இருக்கும் இதைத் திறக்க ஒரு வித்தை உண்டு. கன்னங்கரேலென்று, இறக்கையில் நீலம் மின்ன, ரீங்காரம் போட்டுக்கொண்டு வருமே கருவண்டு, அது வந்து கேசரங்களைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். இறக்கையை அடிக்காமல், பறப்பதற்கான தசைகளை மட்டும் அதிர வைக்கும். அந்த அதிர்ச்சியில், மிளகுப்பொடி டப்பாவைக் குலுக்கியது போலப் பொடி துவாரத்தின் வழியாகக் கொட்டும். வண்டு என்று சொன்னாலும் அது தேனீக்களின் ஜாதியைச் சேர்ந்ததுதான். ஆனால் நாம் பெட்டியில் வைத்து வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது.

கத்தரிப் பூவின் அமைப்பும் இதுவே. காற்று அசைத்தால் ஓரளவு காய்க்கும். வண்டு வந்து குலுக்கினால் காய்ப்பு கூடும். ஆவாரத்தை நம்பி வந்த வண்டுதான் போகிற போக்கில் கத்தரியையும் கவனித்துக்கொண்டிருந்தது. நான் செடியை வெட்டினேன், வேலைக்காரனும் போய்விட்டான்.

இதற்குப் பிறகு ஆவாரம் என் தலைக்குள் புகுந்துகொண்டது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களில் இதுவும் ஒன்று. காதல் கைகூடாதவன் பனைமடலில் குதிரை செய்து ஊர்வலம் வரும்போது அணிந்தவற்றில் எருக்கோடு ஆவிரையும் உண்டு. பொங்கலுக்குக் காப்புக் கட்டுவதற்கும் இந்தப் பூதான் வேண்டும். இதெல்லாம் பூவின் பெருமை. சரித்திரத்தில் இடம்பிடித்ததென்னவோ பட்டை.

ஆவாரம் பட்டையில் துவர்ப்புச் சத்து மிகுதி. தோல் பதனிடுவதற்குத் தென்னாட்டில் அதற்கு ஈடு கிடையாது. பல்லாவரம், ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் என்று எங்கே தோல் ஷாப்பு இருந்ததோ, அங்கெல்லாம் ஆவாரம் பட்டை கட்டுக்கட்டாகப் போயிற்று. ஏழை ஜனங்கள் காட்டிலும் மேட்டிலும் சுற்றி, குச்சியை வெட்டிப் பட்டையை உரித்து விற்றுக் கஞ்சி குடித்தார்கள். பட்டைக் குழியில் ஊறிய தோலைக் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் போட்டு எடுப்பார்கள். 1914-ல் மூண்ட மகா யுத்தத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கு மேல்தோலாகச் சென்னை ராஜதானித் தோல் கப்பல் கப்பலாகப் போயிற்று. பிரான்ஸ் தேசத்துச் சேற்றை மிதித்த கால்களில் நம் ஊர் ஆவாரத்தின் துவர்ப்பு இருந்தது என்று நினைத்தால் விசித்திரமாகத்தான் இருக்கிறது.

இதற்குள் போட்டியும் வந்துவிட்டது. ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர், இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் குரோம் உப்பைக் கொண்டு தோல் பதனிட்டுப் பார்த்தார். பட்டையில் வாரக்கணக்கில் ஊற வேண்டிய தோல், குரோமில் சில நாட்களில் தயாராகிவிடும். 1912-ஐ ஒட்டிச் சேம்பர்ஸ் என்பவரின் குரோம் லெதர் கம்பெனி பல்லாவரத்துக்குப் பக்கத்தில் எழுந்தது. அதைச் சுற்றி வளர்ந்த இடம்தான் குரோம்பேட்டை. தாம்பரத்தில் ரயில் ஏறும் எத்தனை பேர், இரண்டாவது ஸ்டேஷனின் பெயர் ஒரு ரசாயன உப்பின் பெயர் என்று நினைத்துப் பார்த்திருப்பார்கள்? நான் பல வருஷம் நினைக்கவில்லை.

இன்னொரு போட்டி கப்பலில் வந்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை இறக்குமதியாயிற்று. மரத்தின் சொந்த ஊர் ஆஸ்திரேலியா. துவர்ப்பு அதிகம், வேலை சுலபம். அதையே இங்கே வளர்த்தால் என்ன என்று நீலகிரியிலும் பழனிமலையிலும் பிற்பாடு ஏராளமாக நட்டார்கள். அது இட்ட இடத்தில் நிற்கவில்லை, புல்வெளிகளை விழுங்கியது. இப்போது அதே வாட்டிலைப் பிடுங்குவதற்கு அரசாங்கம் பணம் செலவழிக்கிறது. குரோமின் கதையும் சுகமாக முடியவில்லை. பாலாற்றங்கரைத் தோல் ஷாப்புகளின் கழிவு கிணறுகளைக் கெடுத்து, வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 1996-ல் தீர்ப்பாயிற்று.

இந்த இரண்டு போட்டியாலும் ஆவாரம் பிழைத்தது என்று சொல்லலாம். பட்டைக்காக வெட்டுகிறவர்கள் குறைந்தார்கள். நூறு வருஷம் கத்திக்குத் தப்பிய செடி, கடைசியில் என்னைப் போன்ற மனை வாங்கிகளிடம் வந்து மாட்டிக்கொண்டது.

கிழவியிடமே விதை கேட்டேன். சாலையோரத்தில் காய்ந்து தொங்கிய நெற்றுக்களை மடியில் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தாள். விதையின் தோல் கெட்டி. வெந்நீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து மதிலோரம் விதைத்தேன். தண்ணீரும் அதிகம் கேட்கவில்லை. இரண்டாம் வருஷம் நன்றாகப் பூத்தது. முதலில் வந்தவை வண்டல்ல. வெளிர் மஞ்சளும் வெண்மையுமான பட்டாம்பூச்சிகள். இலையில் முட்டையிட்டு, பச்சைப் புழுக்கள் பாதிச் செடியைத் தின்றன. மருந்து வாங்கக் கிளம்பிய என்னைக் கிழவிதான் தடுத்தாள். "மறுபடி தழையும், விடுங்க" என்றாள். தழைத்தது.

கருவண்டு வந்தது ஒரு தை மாதக் காலையில். கத்தரி இப்போது வீட்டுக்குப் போக மிச்சமும் காய்க்கிறது. நஷ்டம் ஒன்று உண்டு. கருவண்டு மரத்தைக் குடைந்து கூடு வைக்கும். எங்கள் திண்ணைப் பந்தல் மூங்கிலில் மூன்று துளைகள். "உங்கள் விருந்தாளிக்கு வேறு இடம் பாருங்கள்" என்று என் மனைவி நோட்டீஸ் கொடுத்துவிட்டாள். பட்டுப்போன முருங்கைக் கட்டை ஒன்றை ஆவாரத்துக்குப் பக்கத்தில் நட்டு வைத்திருக்கிறேன். வண்டு இன்னும் மூங்கிலை விடவில்லை.

போன மாதம் பக்கத்து மனை விலை போயிற்று. மண்வாரி இயந்திரம் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம், கிழவியும் நானும் அங்கே மிஞ்சியிருந்த புதர்களிலிருந்து நெற்றுப் பறித்தோம். ஒரு படி தேறியது. புது மனைக்காரர் வந்தால் அவரிடம் பாதியைக் கொடுக்க வேண்டும். அவர் குரோட்டன்ஸ் பதியன் கேட்டால், அதுவும் தயாராகத்தான் வைத்திருக்கிறேன்.